இழுத்துப் பாடியவர்களின் இசைத்தட்டு

அன்பு மகள் எஸ்தருக்கு,

வியாழக்கிழமை காலை நீ விமானம் ஏறுகிறாய். ஆறு ஊர்களில் மேடை, உன் சொந்தப் பெயரில், உன் சொந்த இசையோடு. உன் அம்மா சமையலறையில் பருப்புப் பொடியையும் புளிக்காய்ச்சலையும் டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொரு மூடியையும் டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கூடத்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் தாம்பரத்துக்கும் நீ இருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே கடலா இருக்கிறது, நேரில் வந்து பேசினால் என்ன என்று நீ கேட்பாய். நேரில் பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வரும், பாதியில் உனக்கு போன் வரும், மீதியை அம்மா பேசிவிடுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதன் ஒரு பிரதியை நம் சபையின் மாத இதழுக்கும் கொடுத்திருக்கிறேன். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பதினாறு வருஷமாக நீ என்ன வேலை செய்தாய் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. 'ரெக்கார்ட் புரொட்யூசர்' என்று நீ சொல்லிக்கொடுத்ததைக் கல்யாண வீடுகளில் அப்படியே ஒப்பித்தேன். அப்படியென்றால் பாடுகிறாளா என்பார்கள். இல்லை. மெட்டுப் போடுகிறாளா? இல்லை. வாசிக்கிறாளா? கொஞ்சம். பாடுகிறவர், வாசிக்கிறவர், எழுதியவர் எல்லோரையும் சேர்த்து ஒரு பாட்டாக ஆக்குகிறவள் என்று நீ சொன்ன விளக்கத்தை நான் எடுத்து விடுவதற்குள் பந்தியில் ரசம் வந்துவிடும். கடைசியில் 'சவுண்ட் லைனில் இருக்கிறாள்' என்று சுருக்கிக்கொண்டேன். அதன் பலனாக உறவில் மூன்று பேர், எங்கள் சபையில் மைக் கூவுகிறது, உங்கள் மகள் வந்து பார்ப்பாளா என்று கேட்டார்கள். நீயும் முகம் சுளிக்காமல் போய்ப் பார்த்தாய். மற்றவர்களின் ஆல்பங்கள், விளம்பரங்கள், இரண்டு மூன்று படங்கள் என்று எத்தனையோ செய்தாய். எல்லாவற்றிலும் உன் பெயர் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பிடித்து, உன் அம்மாவிடம் காட்டிவிட்டு, உன்னிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசமாட்டேன். அது என்ன பழக்கமோ தெரியவில்லை, என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். இதழில் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே கண்ட்ரோல் அறையில் வேலை பார்த்தவன் நான். எந்த ரயில் எந்த நிமிஷம் எந்த நிலையத்தைத் தாண்ட வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. பகலில் ரயில்களை நேரத்துக்கு ஓட்டிவிட்டு, மாலையில் கோயிலுக்கு வந்து பாடகர் குழுவை நேரத்துக்கு ஓட்டினேன். முப்பத்தொரு வருஷமாக அந்த ஆர்கனும் எனக்கு, அந்த முக்காலியும் எனக்கு. இந்த முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு இருந்த ஒரே பகை, கீர்த்தனையை இழுத்துப் பாடுகிற அம்மாமார்கள்தான். நான் ஓர் அடியை முடித்து அடுத்த அடிக்குப் போயிருப்பேன். அவர்கள் முந்தைய அடியின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நிற்பார்கள். ஒருவர் முடிப்பார், அவருக்குப் பின் இன்னொருவர் முடிப்பார், மூன்றாமவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் பிடிப்பார். நான் ஆர்கனைச் சத்தமாக்குவேன். அவர்களும் சத்தமாக இழுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது சமையலறையில் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், கோழிக்குழம்பை ஊற்றிக்கொண்டே நீ சொன்னாய், ஒரு வருஷம் யாருடைய வேலையையும் எடுக்கப் போவதில்லை, எனக்காக ஒரு இசைத்தட்டு செய்யப் போகிறேன் என்று. பாட்டு உண்டா என்றேன், இல்லை என்றாய். தாளம் என்றேன், அதுவும் இல்லை என்றாய். அந்தந்த மண்ணின் இசையை எடுத்து, அதைச் சுற்றி இருக்கும் காற்றோடும் சத்தத்தோடும் மெதுவாக விரித்து விடுவது என்று கையால் காட்டினாய். சப்பாத்தி மாவு விரிப்பது போல இருந்தது. மூன்றாவது மாதம் முதல் துண்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாய். தாம்பரத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயிலின் உறுமல் நீளமாக ஓடியது. அதற்கு அடியில், சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் ஆடித் திருவிழாவில் நீ பதிவு செய்த பம்பை, எங்கேயோ தண்ணீருக்குள் அடிப்பது போல, ஒன்று விழுந்து, வெகுநேரம் கழித்து இன்னொன்று விழுந்தது. நான் பொறுமையாகக் காத்திருந்து, பத்து நிமிஷம் கழித்து, எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். "முடிஞ்சிடுச்சுப்பா" என்றாய். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய். ஆனாலும் அன்று நீ சீக்கிரம் கிளம்பிவிட்டாய், அதை நான் கவனித்தேன்.

பத்தாவது மாதம் வந்தபோது கடைசித் துண்டு ஒன்றுதான் பாக்கி. வெளிநாட்டில் ஒரு சின்ன நிறுவனம் இசைத்தட்டு போட்டுத் தர ஒப்புக்கொண்டிருந்தது, அந்த மாதக் கடைசிக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். மொத்த இசைத்தட்டும் அந்தக் கடைசித் துண்டை நோக்கித்தான் நடக்கிறது என்று நீ அம்மாவிடம் சொல்லியிருந்தாய். என்னிடம் வந்து கேட்டது இவ்வளவுதான். மாலை ஆராதனையில் பாடும் அந்தப் பழைய கீர்த்தனையை நம் பெண்கள் ஐக்கியத்து அம்மாமார் பன்னிரண்டு பேர் பாட வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலுக்கு வந்தால் போதும். ஆர்கன் வேண்டாம். நீங்கள் கை காட்ட வேண்டாம். முக்கியமாக, ஒத்திகை வேண்டவே வேண்டாம். இதை நீ இரண்டு முறை சொன்னாய். நானும் சரி சரி என்று தலையாட்டினேன்.

எஸ்தர், நம் வீட்டில் யாராவது வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? காபி வேண்டாம் என்றால் அரை டம்ளர் கொண்டு வா என்று அர்த்தம். சாப்பாடெல்லாம் வேண்டாம் என்றால் இலையைப் போடு என்று அர்த்தம். உன் பெரியத்தை 'எனக்குப் புடவையெல்லாம் எதுக்கு' என்று சொன்னதை நம்பி ஒரு கிறிஸ்துமஸுக்கு எடுக்காமல் விட்டு, அடுத்த கிறிஸ்துமஸ் வரை நாம் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வழக்கப்படிதான் நானும் நினைத்தேன். பிள்ளை அப்பாவுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று மரியாதைக்குச் சொல்கிறாள், நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினேன். அம்மா மட்டும், "அவ நெஜமாவே வேணாம்னு சொன்ன மாதிரி இருக்குங்க" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்தேன். எட்டு மாலை, நம் வீட்டுக் கூடத்தில், பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்துப் பிழிந்து எடுத்தேன். மேசையில் பென்சிலால் தட்டித் தட்டி, ஓர் எழுத்து நீண்டாலும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. முப்பத்தொரு வருஷம் நடக்காதது எட்டே நாளில் நடந்தது. எஸ்தர் ரெக்கார்டு, வெளிநாட்டுக்குப் போகப் போகிறது என்று சொன்னதும் அம்மாமார்கள் வெறி பிடித்தது போல உழைத்தார்கள். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபுளோரா டீச்சர் பொத்தேரியிலிருந்து ஆட்டோ பிடித்து ஒரு நாள் விடாமல் வந்தார்கள். ஒரே நிறத்தில் புடவையும் எடுத்தோம். பதிவில் புடவை தெரியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நீல நிறப் புடவையில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று பாடினார்கள். கத்தியால் நறுக்கியது போல ஒவ்வோர் அடியும் முடிந்தது. கை காட்ட வேண்டாம் என்று நீ சொன்னதற்குக் கட்டுப்பட்டு, நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. நீ காதிலிருந்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாய். எல்லோருக்கும் நன்றி சொன்னாய், ஃபுளோரா டீச்சரைக் கட்டிப்பிடித்தாய், கொண்டுவந்த பஃப்ஸைத் தட்டில் எடுத்து நீயே பரிமாறினாய். எல்லோரும் போன பிறகு காரில் ஏறி, கண்ணாடியைக்கூட இறக்காமல், அந்த வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாய். நான் போய்க் கதவைத் திறந்தேன். "நான் கேட்டது இது இல்லப்பா" என்றாய்.

பிறகு போனில் எனக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினாய். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மாலை ஆராதனையில் கரண்ட் போய், ஆர்கன் ஊமையாகி, சபை தானாகப் பாடியபோது நீ கைப்பைக்குள் போனை வைத்துப் பிடித்தது. இடையில் ஜிப் சத்தம், யாரோ இருமுகிற சத்தம். அதை அப்படியே இசைத்தட்டில் போட முடியாது, ஆனால் அந்த நாளிலிருந்து அந்த இழுவைதான் உன் காதில் இருக்கிறது என்றாய். ஒவ்வோர் அடியின் கடைசியிலும் இருபது பேர் இருபது நேரத்தில் வந்து சேர்வது, அதில் எந்த இரண்டு குரலும் ஒன்றாக நிற்காதது, அதுதான் உன் இசைத்தட்டின் விதை என்றாய். எனக்குக் கேட்டதோ என் முப்பத்தொரு வருஷத் தோல்வி. இந்தத் தப்பையா உலகத்துக்கெல்லாம் காட்டப் போகிறாய் என்று கத்தினேன். நான் ஒத்திகை பார்த்தது உன் பெயர் கெடக் கூடாது என்பதற்காக என்றேன். அது பாதி உண்மைதான். என் குழு இப்படித்தான் பாடுகிறது என்று வெளியூர்க்காரன் எவனாவது கேட்டுவிடுவானோ என்ற பயம்தான் மீதிப் பாதி. நீ வண்டியை எடுத்தாய். நான்கு நாள் போன் இல்லை.

ஐந்தாம் நாள் வந்து, அதே அம்மாமார்களை வைத்து இன்னொரு முறை முயற்சி செய்தாய். நான் வீட்டிலேயே இருந்தேன், வரக் கூடாது என்று அம்மா உத்தரவு. போய் வந்து அவள் சொன்னாள், பழைய மாதிரியே பாடுங்கள், மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நீ எவ்வளவோ கெஞ்சினாயாம். முடியவில்லையாம். ஃபுளோரா டீச்சர், சார் சொல்லிக் கொடுத்தது சாகிற வரை மறக்காது என்று மார்தட்டினார்களாம். நீ சிரித்துக்கொண்டே ஒயர்களைச் சுற்றினாயாம், ஆனால் ஒரே ஒயரை மூன்று முறை சுற்றினாயாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. உன் ஒரு வருஷத்தை நான் எட்டு மாலையில் கெடுத்திருந்தேன். அப்படியும் வீம்பு போகாமல், அந்த இழுவையில் அப்படி என்னதான் இருக்கிறது, ஏன்தான் இழுக்கிறீர்கள் என்று உன் அம்மாவையே கேட்டேன். நாற்பது வருஷக் குடித்தனத்தில் நான் கேட்காத கேள்வி அது. அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "நீங்க அடுத்த அடிக்கு ஓடிடுறீங்க. எங்களுக்கு இந்த அடியே இன்னும் முடியலை."

மறுநாள் காலை ஆயர் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு பேரைத்தான் நான் திருத்தியிருந்தேன், ஞாயிறு மாலை வருகிற இருநூறு பேர் இன்னும் திருந்தாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருந்தது. உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும். ஆர்கனை நிறுத்தச் சொல்லி என்னிடம் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் நீ பன்னிரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டாய். வரும் ஞாயிறு மாலை அந்தக் கீர்த்தனைக்கு மட்டும் ஆர்கன் வேண்டாம் என்று நான் சொன்னதும், ஆயர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்துவிட்டு, பதிவு செய்வதைச் சபையில் அறிவித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். அதுதான் முறையும். அதற்குப் பிறகு உனக்கு போன் செய்தேன். நான் சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு மைக்குகளைக் கட்டித் தொங்கவிட நீ மைக்செட் ராஜுவை அழைத்து வந்தாய். இந்தப் பக்கத்துப் பழைய குடும்பத்துப் பிள்ளை, அம்மன் கோவில் திருவிழாவானாலும் நம் அறுப்பின் பண்டிகையானாலும் முப்பது வருஷமாக அவன் மைக்செட்தான். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். ஆனால் பிரசங்கம் நீளமாக இருந்ததால் முடிவதற்குள் மறந்துவிட்டார்கள். கீர்த்தனை வந்தது. நான் முக்காலியை விட்டு இறங்கி, எங்கே உட்காருவது என்று தெரியாமல், ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அங்கே எப்போதும் தாமதமாக வருகிற ஒருவர் மட்டும் இருந்தார். முதல் அடியில் என் வலது கால் தானாகத் தாளம் போட்டது. இடது காலால் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது அடியில் அம்மாமார்கள் பக்கமிருந்து அந்த இழுவை கிளம்பியது. ஆர்கன் முக்காலியில் அது முதுகுக்குப் பின்னால் வரும். இங்கே என்னைச் சுற்றி வந்தது. நாடார் கடைக்காரர் ஓரிடத்தில் விட, அவர் மருமகள் வேறிடத்தில் பிடிக்க, ஒரு குழந்தை நடுவில் கூப்பிட, எல்லாமாகச் சேர்ந்து கூரை வரை எழும்பி, அவசரமே இல்லாமல் இறங்கியது. ஃபுளோரா டீச்சர்கூட இருநூறு பேருக்கு நடுவில் தாளத்தைத் தொலைத்துவிட்டார்கள். வழக்கமாக நான்கு நிமிஷத்தில் முடிகிற பாட்டு பதினோரு நிமிஷம் ஓடியது. நடுவில் ரயில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, நீ கண்ணை மூடியபடி சிரித்தாய். எனக்கு அழுகை வந்தது, எஸ்தர். துக்கம் ஒன்றும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தக் கோயிலுக்குள் இருந்ததே இல்லை.

ஆராதனை முடிந்து, ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் நீ பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் வாசலில் நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தேர்வு முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி. ஹெட்போனை என் தலையில் மாட்டினாய். கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வோர் அடியிலும், எல்லோரும் அடங்கிய பிறகும், ஓர் ஆண் குரல் கரகரவென்று தனியாக நீட்டிக்கொண்டே போனது. என்னால் பொறுக்க முடியவில்லை. "யாரு அந்த ஆளு? எல்லாரும் முடிச்சப்புறமும் இழுத்துட்டே இருக்கான்?" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "அது கடைசி பெஞ்ச் மைக்குப்பா. அங்க இருந்தது ரெண்டே பேரு. அவரு வாயே தொறக்கலை."

இனி, இந்தக் கடிதம் ஏன் மாத இதழுக்கும் போகிறது என்பதைச் சொல்கிறேன். எந்த விசேஷத்திலும் நான் ஒரு கதை சொல்வேன். சின்ன வயதில் இவளை மைக்செட் ராஜு பக்கத்தில் உட்காரவைத்ததே நான்தான், இவள் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது நான்தான் என்று. எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். அந்தக் கதையில் நான் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. உனக்கு ஒன்பது வயது. குழந்தைகள் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நின்றாய். நான் பொறுப்பேற்ற இரண்டாவது கிறிஸ்துமஸ், எல்லோருக்கும் என் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்ற திமிர். ஒத்திகையில் மற்ற பிள்ளைகள் முடித்த பிறகு ஒவ்வோர் அடியையும் நீ முடித்தாய். மூன்று முறை நிறுத்தினேன். நான்காவது முறை, எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் முன்னால், உனக்குக் காதே இல்லை, போய் ராஜு பக்கத்தில் உட்கார் என்றேன். நீ அழவில்லை. படி இறங்கிப் போய், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாய். ராஜு உன் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டான். காது இல்லை என்று நான் சொன்ன பிள்ளை காதை வைத்தே பிழைத்து, காதை வைத்தே பெயர் எடுத்தாள். நான் அன்று சொன்னது தப்பு. ஊரார் முன்னால் சொன்னேன், அதனால் ஊரார் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, மகளே. இனி விசேஷங்களில் அந்தக் கதையை முழுதாகச் சொல்லுவேன்.

அப்பாவாக இருந்துகொண்டு புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு இன்னும் நிறையப் பேர் வருவார்கள். உனக்கும் என் கோபம்தான், அது எனக்குத் தெரியும். யாரையும் நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லிவிடாதே, சொல்ல ஐந்து விநாடி ஆகும், திருப்பி எடுக்க எனக்கு இருபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. அப்புறம், வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள். உன் அம்மாவின் விஷயத்தில் மட்டும் இது செல்லாது. அவள் பொடி டப்பாக்களை வேண்டாம் என்று சொல்லிப் பார்க்காதே. மேடைக்குப் பின் யாராவது, இது பக்திப் பாட்டா, நாட்டுப் பாட்டா, எங்கே ஆரம்பிக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். அவர்களிடம் எரிந்து விழாதே. அப்படிக் கேட்ட ஒருவர் உன் வீட்டிலேயே இருக்கிறார், அவருக்குப் பத்து மாதம் பிடித்தது. ராஜு முழுவதையும் கேட்டுவிட்டு என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "இன்னா சார், பாட்டு முடிஞ்சும் முடியாத மாறியே கீது. வூட்டுக்குப் போற வரைக்கும் காதுல ஓடிகினே வந்துச்சு." இதைவிட நல்ல விமர்சனம் உனக்கு அந்த ஆறு ஊர்களில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

இசைத்தட்டு வந்து சேர்ந்த அன்று நீ என்னை எப்படி இருக்கிறது என்று கேட்டாய், நான் அட்டை கெட்டியாக இருக்கிறது என்றேன். மிக நன்றாக இருக்கிறது, எஸ்தர். ஏழு முறை கேட்டுவிட்டேன். ஏழு முறையும் அந்தக் கடைசித் துண்டில் உன்னைப் பெற்றதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

போன ஞாயிறு மாலை நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன், நீ பயண வேலையில் இருந்ததால் வரவில்லை. ஆர்கன் முக்காலியில்தான் இருந்தேன், அதே கீர்த்தனை. முதல் அடி முடிந்ததும் நான் ஆர்கனிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடுத்த அடியை எடுக்காமல் சும்மா இருந்தேன். துரத்துவதற்கு ஆள் இல்லாமல் சபை குழம்பிப் போனது. ஒவ்வொருவராக விட்டார்கள், சிலர் எனக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஒரு குரல் மட்டும் நின்றது. உன் அம்மா. கண்ணை மூடியிருந்தாள், நான் நிறுத்தியதையே கவனிக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக அவள் குரல் ஓர் அடியின் முடிவில் எப்படி அடங்குகிறது என்று நான் கேட்டதே கிடையாது, அதற்குள் அடுத்த அடியை அதன் மேல் வாசித்திருப்பேன். கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் இறங்கி, மூச்சோடு மூச்சாகப் போய் அது முடிந்தது. முடிகிற வரை காத்திருந்தேன். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

போய் வா, மகளே. மெதுவாகவே வா.

உன் அப்பா